துளுக்காத ஆடு

என் கணவர் ஆண்டவரிடம் பேசுவதை முதன்முதலில் கேட்டபோது, வேலிக்கு அந்தப் பக்கம் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து முந்தானையைச் சரிசெய்துகொண்டேன். கல்யாணமாகிப் பரமத்தி வேலூருக்கு வந்த புதிது. அவர் வெற்றிலைக் கொடிக்காலுக்குள், அகத்தி மரங்களுக்கு நடுவே நின்றுகொண்டு, "ஏனுங்க சாமி, இருக்கறீங்களா? வாய்க்கால்ல தண்ணி பத்தலீங்க. பாத்துச் செய்யுங்க. அப்பறமா வாரேன்" என்றார். எட்டிப் பார்த்தேன். வெற்றிலைக் கொடிகளைத் தவிர ஒருவரும் இல்லை. அதுதான் அவருடைய காலை ஜெபம் என்பதும், அது முடிந்தும் விட்டது என்பதும் எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது.

நான் சேலம் அம்மாபேட்டைக்காரி. தறிச் சத்தத்துக்கு நடுவே வளர்ந்தவள்; எங்கள் குடும்பம் கிறிஸ்தவர்களாகி மூன்று தலைமுறை ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் ஜெபம் என்றால் முதலில் துதி, பிறகு பாவ அறிக்கை, பிறகு விண்ணப்பம், பிறகு நன்றி, கடைசியில் ஆமென். தறிக்குப் பாவு நூல் ஓட்டுவதுபோல் ஓர் இழையும் தப்பாது. அப்பா முழங்கால் போட்டால் அடுப்பில் குழம்பு வற்றிவிடும். நானும் அப்பாவுக்கு இளைத்தவள் அல்ல. மனப்பாட வசனத்துக்கு வாங்கிய பரிசுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். அந்தப் பெட்டியோடும் அதைவிடக் கனமான கர்வத்தோடும்தான் வேலூரில் வந்து இறங்கினேன்.

என் கணவரோ வளர்ந்து ஆளான பிறகு ஞானஸ்நானம் பெற்றவர். வேலூர் சபையில் இருந்த மற்றவர்களும் அப்படித்தான். கொடிக்காலிலும் வாழைத் தோட்டத்திலும் கரும்பு ஆலையிலும் பாடுபடுகிற சில குடும்பங்கள் சேர்ந்தாற்போல் சபைக்கு வந்திருந்தன. பிறவிக் கிறிஸ்தவர்கள் என்று பார்த்தால் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த போதகரும் நானும்தான். அதனால் சபையை நேர்ப்படுத்தும் பொறுப்பில் பாதி என் தலையில் இருப்பதாக நானே எண்ணிக்கொண்டேன். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

முதலில் என் வீட்டுக்காரரைத் திருத்தப் பார்த்தேன்.

"ஆண்டவரைச் சாமிங்கறீங்க. எருமைக் கன்னுக்குட்டியையும் வா சாமிங்கறீங்க. பக்கத்து வீட்டுக் குழந்தையும் சாமி. எல்லாம் ஒண்ணா?"

"கூப்புட்டா மூணு பேரும் திரும்பிப் பாக்கறாங்கல்ல, உடு புள்ள" என்றார்.

அவரைத் திருத்துவது நாய் வாலை நிமிர்த்துகிற வேலை என்று விட்டுவிட்டேன்.

எங்கள் முதல் பிள்ளை தங்கவில்லை. வயிற்றில் அசைந்துகொண்டிருந்தது ஒரு நாள் அசைவதை நிறுத்தியது. பிறந்தபோது அழவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத இன்றைக்கும் எனக்குக் கை ஓடாது.

அதற்குப் பிறகுதான் அந்த விபரீதம் நடந்தது. எனக்கு ஜெபம் வரவில்லை. துதி என்று ஆரம்பிப்பேன். எதற்கு என்று உள்ளே ஒரு கேள்வி எழும். பாவ அறிக்கைக்குத் தாவுவேன். யார் யாரிடம் அறிக்கையிடுவது என்று கோபம் வரும். கிணற்றில் வாளியை இறக்கிக் கடகடவென்று வெறும் வாளியை மேலே இழுத்த மாதிரி இருக்கும். இதில் கூத்து என்னவென்றால், சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் என்னைத்தான் ஜெபிக்கக் கூப்பிட்டார்கள். பழகிய வாய் ஆயிற்றே, அது பாட்டுக்கு ஜெபித்தது. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். அடுத்த கொடிக்கால்காரி, எங்கள் சபையிலேயே வாய் நீண்டவள், "உங்க ஜெபத்துல ஒரு சுகம் இருக்குதுங்க, கேட்டாத் தூக்கம் தானா வருதுங்க" என்று என்னைப் பாராட்டினாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. உபவாசம் இருந்து பார்த்தேன். பசியில் முன்கோபம் இரட்டிப்பானதுதான் மிச்சம். விடியலில் எழுந்து முழங்கால் போட்டுப் பார்த்தேன்; அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். ஒருவேளை ஏதோ பாவம் தடையாக இருக்கிறதோ என்று, செய்த பாவங்களை எல்லாம் சொல்லித் தீர்த்து, செய்யாத சிலவற்றையும் முன்னெச்சரிக்கையாகச் சேர்த்துக்கொண்டேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆண்டவர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதை விட்டுவிட்டார் என்றே முடிவு கட்டினேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். வேதவசனம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், வெற்றிலையை அடுக்கிக்கொண்டே, "வரலீன்னா உடு. உனக்கும் சேத்து நான் பேசிக்கறேன்" என்றார்.

"அது எப்படி? ஒருத்தருக்குப் பசிச்சா இன்னொருத்தர் சாப்பிடறதா?"

"நோவுல படுத்துக் கெடக்கறவங்களுக்கு மத்தவங்க தண்ணி மோந்து குடுக்கறதில்லையா?"

மறுநாள் காலை கொடிக்காலிலிருந்து குரல் கேட்டது. "ஏனுங்க சாமி, எங்கூட்டுக்காரி கோவமா இருக்குதுங்க. அது மேல தப்பில்லீங்க. நீங்களே ஒருநா வந்து சமாதானம் பண்ணிப் போடுங்க." ஊரே கேட்கும்படி இப்படியா என்று பல்லைக் கடித்தேன். ஆனால் அடுத்த நாளும் அவர் என்னைப் பற்றிப் பேசுகிறாரா என்று அடுக்களை ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

மறுபடியும் வயிற்றில் பிள்ளை உண்டானது. அப்போது யுத்த காலம். மண்ணெண்ணெய்க்கும் துணிக்கும் ஊரே தவித்துக்கொண்டிருந்தது. எனக்கு அந்தக் கவலையெல்லாம் ஏறவில்லை. இந்தப் பிள்ளை தங்குமா என்ற ஒரே பயம். அந்தப் பயத்தைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடமும் இல்லை. வைக்க வேண்டிய இடத்தோடுதான் எனக்குப் பேச்சுவார்த்தை இல்லையே.

என் கணவர் ஒரு கிடாய் வளர்த்துவந்தார். கருப்பு உடம்பு, ஒரு காது மட்டும் வெள்ளை. அகத்திக் கீரையாகத் தின்று கொழுத்து, கூப்பிட்டால் வராது, விரட்டினால் போகாது, அப்படி ஒரு பிடிவாதம். "என்னைக் கேட்டா, உன்ற கூடப்பொறந்ததாட்ட இருக்குது" என்பார் என்னிடம். அந்தக் கிடாயை, விளைந்ததில் ஒரு பங்கைச் சபைக்குக் கொடுக்கிற அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிடப் போவதாக ஒரு நாள் சொன்னார். பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று.

"ஆண்டவரோட வியாபாரமா?" என்று பாய்ந்தேன்.

"யாவாரம் என்ன? சொந்தபந்தம், ஒறம்பரை ஊட்டுக்கே வெறுங்கையோட போறதில்ல. பெரிய காரியம் கேக்கறோம், கைய வீசிட்டா போறது?"

சரி, கொடுக்கட்டும் என்று விட்டேன்.

பண்டிகையன்று காலையில் கிடாயைக் குளிப்பாட்டி, துடைத்து, காயவிட்டு, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டார். நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வெளியே வருகிறேன், மனிதர் சொம்பில் தண்ணீர் எடுத்து அதன் தலையிலும் முதுகிலும் தெளித்துவிட்டு, கைகட்டி எதிரே நிற்கிறார்.

எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். கோயிலில் ஆடு வெட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். அதற்குத் துளுக்குவது என்று பெயர். துளுக்குகிற வரைக்கும் கத்தியை எடுக்க மாட்டார்கள். எவ்வளவு நேரமானாலும் கூட்டம் மூச்சுவிடாமல் நிற்கும். கொடுப்பது மனிதர் இஷ்டம், வாங்கிக்கொள்வது சாமி இஷ்டம் என்பது அவர்கள் நியாயம்.

"என்ன அக்கிரமம் இது! கோயிலுக்கா கொண்டுபோறோம், சபைக்குக் கொண்டுபோறோம்! இந்தப் பழக்கத்தையெல்லாம் விட்டுட்டுத்தானே ஞானஸ்நானம் வாங்கினீங்க?"

"இரு புள்ள. போன வாரம் ஐயா பிரசங்கத்துல சொன்னாருல்ல, பழைய ஏற்பாட்டுல ஒருத்தரு களத்துல ஆட்டுத்தோல விரிச்சு வெச்சு, அது நனையுதான்னு சாமிகிட்ட அடையாளம் கேட்டாருன்னு? அவரு வெறும் தோல வெச்சுக் கேட்டாரு. நான் முழு ஆட்டையே வெச்சுக் கேக்கறேன்."

"அது பழைய ஏற்பாடு!"

"அங்கயும் இதே சாமிதானே?"

மனப்பாட வசனப் பரிசுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறு ஏதாவது சொல்லித் திட்டலாம் என்று வாயைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டேன். என் கண் ஆட்டின் மேல் இருந்தது. நானும் காத்துக்கொண்டிருந்தேன்.

ஆடு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு அசைபோட்டது. முதுகில் தண்ணீர் வழிந்து சொட்டியது. அது பாட்டுக்கு நின்றது. இன்னொரு கை தெளித்தார். நாக்கை நீட்டி மூக்கிலிருந்த சொட்டை நக்கிக்கொண்டது.

"காதுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க" என்றது ஒரு குரல். என் குரல்தான். மூன்று தலைமுறைக் கிறிஸ்தவள் சொன்ன யோசனை.

காதில் விட்டார். வெள்ளைக் காது ஒரு வெட்டு வெட்டியது. அவ்வளவுதான்.

"இது சேருமா?" என்று கேட்டேன்.

"காது மட்டும்னா சேராது. ஒடம்பு ஆடோணும்" என்று அவர் மெல்லச் சொன்னார்.

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டேன். இத்தனை நாள் பேசாமல் இருந்த ஆண்டவர் கடைசியில் பேசிவிட்டார், அதுவும் முடியாது என்று பேசிவிட்டார் என்றே தோன்றியது. இருவரும் ஆட்டை இழுத்துக்கொண்டு சபைக்கு நடந்தோம்.

நாங்கள் போவதற்கு முன்பே செய்தி போயிருந்தது. அடுத்த கொடிக்கால்காரி வேலிக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, குறுக்கு வழியில் ஓடியிருக்கிறாள்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம் ஆரம்பித்தது. பூசணிக்காய், வாழைத்தார், வெற்றிலைக் கட்டு, வெல்லம், கோழி என்று காணிக்கை வந்தவற்றைப் போதகர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார். சபையார் போட்டி போட்டு எடுப்பார்கள். ஒரு சொத்தைப் பூசணிக்காய்க்குக்கூட அன்று அடிதடி. பிறகு கிடாய் வந்தது. கொழுத்த கிடாய். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"என்ன, யாரும் கேக்க மாட்டங்கிய? நல்ல கறியுள்ள கெடாய்லா?" என்று போதகர் சுற்றிலும் பார்த்தார். யாரோ இருமினார்கள்.

"என்ன விஷயம்னு சொன்னாத்தான தெரியும்?" என்றார் போதகர் மறுபடியும்.

கரும்பு ஆலைக்காரர் ஒருவர் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "துளுக்கலீங்களாமாங்க ஐயா" என்றார்.

போதகருக்கு அதை விளக்கிச் சொல்லவே நேரமாயிற்று. விளங்கியதும் அவர் முகம் சிவந்தது. அவிசுவாசம், அஞ்ஞானம் என்று ஒரு சின்னப் பிரசங்கமே செய்துவிட்டார். ஆலைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆனா சாமியே வேண்டாம்னு சொன்னத நாங்க எப்புடிங்க வாங்கித் திங்கறது?" என்றார்.

அதற்குள் யாரோ ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து ஆட்டின் மேல் ஊற்றினார்கள். சபை முழுவதும் எழுந்து வந்து வட்டமாக நின்றது. போதகர், "வேண்டாம், வேண்டாம், இதெல்லாம் தப்பு" என்று சொல்லிக்கொண்டே, நன்றாகத் தெரிவதற்காக இரண்டு பேரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார். ஆடு நின்றது. தலையை நீட்டி, காணிக்கை வாழைத்தாரிலிருந்து ஒரு பழத்தைத் தோலோடு தின்றது.

அப்போதுதான் பெண்கள் பக்கம் பார்த்தேன். அவர்கள் ஆட்டைப் பார்க்கவில்லை. என் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாய் நீண்டவளுக்கும் கண் கலங்கியிருந்தது. இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. பிள்ளை போய்விட்டது என்றே அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள்.

என் கணவரைப் பார்த்தேன். எனக்கும் சேர்த்துப் பேசுகிறேன் என்றவர், ஆட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயடைத்து நின்றார். அவர் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவருக்கும் கிணறு வற்றிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று அண்ணாந்து கத்தினேன்.

"ஏனுங்க சாமி! இருக்கறீங்களா? போன தடவை ஒரு வார்த்தை சொல்லாமப் பிள்ளையை எடுத்துக்கிட்டீங்க. அன்னைக்கிருந்து நான் உங்ககூடப் பேசல. நீங்களும் என்கூடப் பேசல. இப்ப நமக்கு நடுவுல ஒரு ஆடு வந்துதான் பேசணுமா? இது துளுக்கவே வேண்டாம். இந்த ஆடு உங்களுது. என் வயித்துல இருக்கறதும் உங்களுது. எடுத்துக்குவீங்களோ குடுப்பீங்களோ எனக்குத் தெரியாது. நீங்க ஒண்ணுமே சொல்லாட்டியும் நான் வேற யார்கிட்டப் போய்க் கேக்கறது? எனக்குப் பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. பாத்துச் செய்யுங்க!"

துதி இல்லை, பாவ அறிக்கை இல்லை, நன்றி இல்லை. ஆமென் சொல்லவும் மறந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. கன்னமெல்லாம் நனைந்திருந்தது. இத்தனை நாள் தேடித் தேடிக் கிடைக்காத ஜெபம் அதுதான் என்று அங்கே நிற்கும்போது எனக்குத் தெரியவில்லை. ஊர் முன்னால் மானம் போயிற்று என்றுதான் நினைத்தேன்.

என் கணவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு, "ஆமாங்க சாமி" என்றார்.

"ஆமாங்க சாமி" என்றார் ஆலைக்காரர். பிறகு பெண்கள் சொன்னார்கள். பிறகு எல்லோரும் சொன்னார்கள். போதகரும் சொன்னார், அவர் ஊர்ப் பேச்சில் அது சரியாக வராவிட்டாலும்.

ஏலத்தில் ஆட்டுக்கு முதல் விலை கேட்டதும் போதகர்தான். அவர் கேட்டதும் ஆலைக்காரருக்கு ரோசம் வந்துவிட்டது. ஏலம் சூடு பிடித்து, கடைசியில் ஆலைக்காரரே எடுத்தார். எடுத்தாரே ஒழிய அதை வெட்ட அவருக்குக் கை வரவில்லை. சாமிக்குக் கொடுத்தாயிற்று, ஆனால் துளுக்கவும் இல்லை. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குக் குழப்பம். அது ஆலைக் கரும்பைத் தின்று இன்னும் கொழுத்தது. சமயம் கிடைத்தபோதெல்லாம் எங்கள் கொடிக்காலுக்கு வந்து அகத்தியையும் மேய்ந்துவிட்டுப் போயிற்று. கடைசி வரைக்கும் அது துளுக்கி நான் பார்த்ததில்லை.

அன்றோடு என் வறட்சி தீர்ந்துவிட்டது என்று சொன்னால் அது சாட்சிக் கூட்டத்துக்கு நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. பல நாள் பழையபடி வெறும் வாளிதான் வந்தது. பயமும் அப்படியேதான் இருந்தது. பிள்ளை சற்று நேரம் அசையாவிட்டால் எனக்கு உயிர் போய்விடும். ஆனால் அந்த நேரத்தில் போய் நிற்க ஓர் இடம் இருந்தது. "பாத்துச் செய்யுங்க" என்பேன். அதற்குமேல் சில நாள் ஒரு வார்த்தைகூட வராது. வராவிட்டால் போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருப்பேன். கொடிக்காலில் ஒரு குரல், அடுக்களையில் ஒரு குரல் என்று ஆண்டவருக்கு எங்கள் வீட்டில் காலையிலேயே இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

பிரசவத்துக்கு அம்மாபேட்டைக்குப் போனேன். பெட்ரோல் கிடைக்காமல் அடுப்புக்கரியில் ஓடிய யுத்த காலத்துக் கரிவண்டி பஸ். மேடு வந்தால் ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். என் கணவர் பின்னால் தள்ளிக்கொண்டே, "ஏனுங்க சாமி, ஒரு கை புடிங்க" என்றார். முன்பென்றால் முகத்தை மூடிக்கொண்டிருப்பேன். அன்று நானும் உள்ளே உட்கார்ந்து அதையேதான் சொன்னேன். வீட்டில் அப்பா வழக்கம்போல் நீளமாக ஜெபித்தார், குழம்பு வழக்கம்போல் வற்றியது. நான் குட்டையாக ஜெபித்தேன்.

பெண் குழந்தை. பிறந்ததும் அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு நானும் அழுதேன், அம்மா அழுதாள், அப்பாவுக்கு முதன்முறையாக ஜெபத்தில் பேச்சு நின்றது.

ஞானஸ்நானம் வேலூரில்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்திருந்தது. வாய் நீண்டவள் முதல் பாயில் இடம் பிடித்திருந்தாள். ஆலைக்காரர் ஆட்டையும் கூட்டிவந்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார். போதகர் குழந்தையை இடக்கையில் ஏந்திக்கொண்டு, வலக்கையால் கிண்ணத்தில் தண்ணீர் அள்ளி அவள் தலையில் தெளித்தார்.

சபையில் ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொருவரும் பாயிலிருந்து முன்னால் சாய்ந்து, கழுத்தை நீட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்களாம். தண்ணீர் நெற்றியில் வழிந்ததும் என் மகள் தலை முதல் கால் வரை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, உடம்பை உதறி, வீலென்று கத்தினாளாம்.

"துளுக்கிருச்சு!" என்று வாய் நீண்டவள் கூவினாள். கூரை அதிரச் சபை முழுவதும் சிரித்தது. போதகரும் குழந்தையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஆமா வே, துளுக்கிட்டு!" என்றுவிட்டார். ஆசீர்வாதத்தை முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் கணவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா புள்ள, எப்புடித் துளுக்குச்சுன்னு?"

"பாக்கலீங்க" என்றேன்.

அவர் நடுவழியில் நின்றுவிட்டார். "ஊரே பாத்துச்சு, பெத்தவ நீ பாக்கலியா? அப்பறம் என்ன பண்ணிட்டு இருந்த?"

"கண்ணை மூடியிருந்தேன். பேசிட்டு இருந்தேனுங்க."